ஒன்பதாம் இடத்தை எழுதியவள்

எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு நாட்டிலேயே ஒன்பதாவது இடம் என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்பதை வாங்கித் தந்தது பேராசிரியர்கள் இல்லை, நான்தான். டீன் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக கிளார்க். தரவரிசை போடும் பத்திரிகை வருடா வருடம் அனுப்பும் நாற்பத்திரண்டு பக்கப் படிவத்தை நிரப்புவது என் வேலை. முழுநேர ஆசிரியர்கள் நூற்று முப்பத்தொரு பேர் என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதச் சொல்வார் டீன். மீதிப் பேர் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது மாடியில் பூட்டிக் கிடக்கும் உடைந்த கட்டில்களும் நோயாளிகளின் படுக்கைகளாக எண்ணிக்கையில் சேரும். எனக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

என் மகள் வந்து நிற்கும் வரை அப்படித்தான் இருந்தேன்.

அவள் படித்தது நூற்று நாற்பத்தேழாவது இடத்துக் கல்லூரியில். எங்கள் மருத்துவமனையில் ஜூனியர் டாக்டர் வேலைக்கு விண்ணப்பித்தாள். சிபாரிசு என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று, என் மகள் என்பதை நான் வெளியில் சொல்லவில்லை. நேர்காணல் அறையில் ஃபைல்களை எடுத்துக் கொடுக்க நானும் நின்றிருந்தேன்.

டீன் முதல் பக்கத்திலேயே சிரித்துவிட்டார். “நூத்தி நாப்பத்தேழா? அதெல்லாம் ஒரு காலேஜாம்மா?”

“பிரசவம் மட்டும் நூத்தி இருபது பார்த்திருக்கேன் சார்.”

“எண்ணிக்கை கேக்கல. தரம் கேக்கறேன்.”

சுற்றியிருந்த நாலு பேரும் ஒத்து ஊதிச் சிரித்தார்கள். ஃபைல் என் கைக்கே திரும்பி வந்தது.

வீட்டுக்குப் போனபோது மகள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். “விடும்மா” என்றாள். நான் பொய் எழுதி வாங்கித் தந்த ஒன்பதை வைத்து என் பெண்ணையே அளக்கிறார் அந்த மனிதர்.

அடுத்த மாதம் படிவம் வந்தது. நூற்று முப்பத்தொன்று என்றே எழுதினேன். கட்டில்களை நானே மாடி மாடியாக ஏறி எண்ணினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி நீட்டினேன். டீன் எப்போதும் போல போனில் பேசிக்கொண்டே, ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

பட்டியல் வெளியானது. நூற்று அறுபத்து மூன்று.

டீன் கூப்பிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. “என்னம்மா பண்ணி வச்சிருக்கே?”

“இருக்கறதை எழுதினேன் சார். எந்த எண் தப்புன்னு சொல்லுங்க, இன்னிக்கே திருத்தி அனுப்பிடறேன்.”

பக்கங்களைப் புரட்டினார். ஒன்றைக்கூடத் தொட்டுக் காட்ட முடியவில்லை. என்னை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. பழைய படிவங்களின் நகல் எல்லாம் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும்.

“உனக்கு நான் என்னம்மா குறை வச்சேன்?”

“நூத்தி நாப்பத்தேழுன்னு ஒரு பொண்ணைச் சிரிச்சு அனுப்பினீங்களே. அவ என் பொண்ணு.”

“எந்தப் பொண்ணு?” என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. எனக்கிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அதோடு போயிற்று.

நாற்காலியில் சரிந்தார். “என் பையன் இந்த வருஷம்தான் இங்க முடிக்கிறான். மேல்படிப்புக்கு வெளிநாட்டுல எல்லா இடத்துலயும் எழுதிப் போட்டிருக்கான். இனி அவனை எவன் சீண்டுவான்?”

“தெரியும் சார். கடைசி வருஷ மாணவர் பட்டியலை டைப் அடிச்சதே நான்தான்.”

நல்ல பையன். அலுவலக ஜன்னலுக்கு ஏதாவது கேட்டு வந்தால் அக்கா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் மகளும் இவருக்கு ஒன்றும் செய்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு என் மேசைக்கு வந்தேன்.