ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

அன்று பின்லாந்துக் கிராமமொன்றில், குவோப்பலா வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுப் பெரியவர் ஏலிஸ், மகன் தவுனோ, மருமகள் சைமி, அந்த வட்டாரத்து மருத்துவர் இங்கேரி. வேறு யாரும் இல்லை. தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த சைமி, பாட்டின் நடுவே தூணைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள். இப்போது திரை இழுத்த சன்னலருகே, கண்மேல் ஈரத்துணியுடன் பெஞ்சில் கிடந்தாள். பக்கத்தில் வாளி.

வாரநாளெல்லாம் விடியுமுன் பால் கறக்கிறவள், ஞாயிறு வந்தால் சுருண்டுவிடுகிறாள். சனி இரவு ஊற்றிக்கொள்கிறாள் என்று ஊர் பேசியது. குழுவை வேறொருத்தியிடம் கொடுத்துவிடலாமா என்று போதகர் தவுனோவிடம் நாசூக்காகக் கேட்டும்விட்டார். மூன்று தலைமுறையாகச் சாராயம் படியேறாத வீடு அது. ஏலிஸ் ஊருக்கு முன் நிமிர்ந்தே நடந்தார். ஆனால் ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில், மருமகளின் அலமாரியில் பாட்டில் இருக்கிறதா என்று திறந்து பார்த்திருந்தார்.

"அவ வாயை மோந்து பாருங்க, டாக்டரம்மா. பார்த்துட்டு ஊருக்குச் சொல்லுங்க," என்றார்.

இங்கேரி குனிந்து முகர்ந்தார். "மாட்டுக்கொட்டில் வாசந்தான் வருது, ஐயா."

பிறகு சைமியிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறது, வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை, குமட்டுகிறது, அவள் அம்மாவுக்கும் இப்படி வருவதுண்டு. இது ஒற்றைத் தலைவலி, உடம்போடு வந்தது என்றார் மருத்துவர். ஆனால் ஞாயிறு பார்த்து அதைக் கிளப்பிவிடுவது எது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

தவுனோவுக்குத்தான் நினைவு வந்தது. கோடையில் சைமியின் பிறந்த வீட்டில் தங்கிய ஞாயிறுகளில் அவளுக்கு வலியே வரவில்லை. அங்கே எழுந்ததும் காபி, ரொட்டி; அப்புறம்தான் கோயில்.

"இங்க?" என்றார் மருத்துவர்.

தவுனோ அப்பாவைப் பார்த்தான். பின்லாந்து முழுக்கக் காபியில்தான் விடிகிறது. இந்த வீட்டில் மட்டும், சனிக்கிழமை சௌனா என்ற நீராவிக் குளியல் முடிந்தால், மறுநாள் வழிபாடு முடிந்து கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து காபி குடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. தம் தாத்தா வைத்த வழக்கம் என்று ஏலிஸ் விறைப்பாகச் சொன்னார்.

மற்ற நாட்களில் பால் கறக்குமுன்பே இரண்டு கோப்பை ஆகிவிடும் என்றாள் சைமி.

"அதான். தினமும் பழகின காபி திடீர்னு இல்ல, வயித்திலயும் ஒண்ணுமில்ல. இனியும் எப்பவாவது வலி வரும், ஐயா. ஞாயிறுதோறும் வராது."

"எனக்கு வரலையே?"

துணிக்கடியிலிருந்து சைமி முனகினாள்: "மாமாவுக்குத் தலை கருங்கல்லு."

தவுனோ பயந்துபோய் அப்பாவைப் பார்த்தான். ஏலிஸ் கோபப்படவில்லை. எழுந்துபோய், துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மருமகளின் கண்மேல் தாமே போட்டார்.

அடுத்த வாரம் சைமி கடைசிப் பாட்டுவரை நின்று நடத்தினாள். போதகர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மருமகளுக்குப் பயந்து கிழவர் வழக்கத்தைக் கைவிட்டார் என்று பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அது தவறு. வழக்கத்தை விடும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த அடுத்த ஞாயிறு விடியலில் காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியவர் ஏலிஸ்தான்.