உள்ளே விடாத வாசல்

பாகலூர் நாராயணப்பன் தன் வீட்டு வடக்குச் சுவரில் வெட்டிய புது வாசல் வழியாக வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்திலிருந்து அதுதான் நிலவரம். அதற்கு முன் வீட்டுக்கு ஒரே வாசல், தெற்கே இருந்தது. கதவைத் திறந்தால் தன் நிலத்தை உழுகிறவர்களின் தெருவில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்பது நாராயணப்பனின் நெடுநாள் துக்கம். அவர்கள் விளைவித்த ராகியைத் தின்பதில் அவருக்குத் துக்கம் ஏதும் இருந்ததில்லை. ஓசூர் சாலையைப் பார்த்து வாசல் இருந்தால்தான் பெரிய மனிதர்கள் வண்டியை நிறுத்துவார்கள் என்று மாலூரிலிருந்து தேக்கு நிலை கொண்டுவந்தார். தெற்குத் தெரு கொத்தன் ஆஞ்சப்பனை வைத்து வடக்கே வெட்டினார். அவனைக் கொண்டே தெற்கு வாசலை மண்ணும் கல்லுமாய் அடைத்தார். வேலை முடிந்ததும், விருந்தாளிகள் வருவதற்குள் கண்ணில் படாமல் போய்விடும்படி சொல்லி அனுப்பினார்.

விசேஷத்தன்று முதலில் பசுவை ஏற்றினார்கள். பசு நிலைப்படியைத் தாண்டியது. தாண்டியதும் சாலையைப் பார்த்துப் படியில் நின்றது. மாட்டுக்குப் புத்தி இல்லை என்றார் புரோகிதர். பிறகு அவரே கும்பத்தோடு நுழைந்து, அதே படியில் பசுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாராயணப்பன் வலதுகால் வைத்து ஒன்பது முறை நுழைந்து ஒன்பது முறையும் வெளியே வந்தார். வந்திருந்த பெரிய மனிதர்கள் பந்தலில் மூன்று பாயசம் சாப்பிட்டுவிட்டு, காற்றோட்டமான வாசல் என்று பாராட்டிப் போனார்கள்.

உள்ளே இருந்தவள், தெற்கு வாசலை அடைக்கும் முன்பே விளக்கேற்ற உள்ளே போயிருந்த அவர் மனைவி முனிலட்சுமி மட்டும்தான். அவள் வெளியே வரலாம். வந்தால் வீட்டுக்குள் யாருமே இருக்க மாட்டார்கள். "நீ வந்துராதே. ஆளில்லாத ஊட்டுக்கு வெளிய நான் நின்னா ஊரு சிரிக்கும்" என்றார் நாராயணப்பன். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவர் சொல்லி அவள் தட்டியதில்லை, அதனால் இருந்தாள். ராகி மாவு இருந்தது, விறகு இருந்தது, தண்ணீர் இரண்டு குடம். மூன்றாம் நாள் காலையில் அதுவும் தீர்ந்தது. வாசலுக்கு வெளியிலிருந்து ஊற்றிய தண்ணீர் நிலையைத் தொட்டுத் திரும்பி, ஊற்றிய நாராயணப்பனையே நனைத்தது. ஓட்டைப் பிரித்து இறக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, அது போன மாசம்தான் போட்ட மங்களூர் ஓடு என்றார்.

"ஏங்க, நாக்கு ஒட்டிக்குதுங்க. அந்தத் தெக்குச் சொவத்தை இடிக்கச் சொல்லுங்க."

"அவனுங்க தெருவுல போய் நின்னு நான் கெஞ்சணுமா? பொறுத்துக்க. தளியில இருந்து மந்திரக்காரன் வர்றான்."

முனிலட்சுமி அவரைப் பார்த்தாள். ஈர வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாக, தன் வீட்டுப் படியில் விருந்தாளி போல நின்றிருந்தார். இந்த ஆளுக்கா பயந்தேன் என்று முதல்முறையாகத் தோன்றியது. அவள் திரும்பித் தெற்குச் சுவரண்டை போனாள். அங்கே மறுபுறத்தில் ஏற்கெனவே ஒரு குரல் இருந்தது. ஆஞ்சப்பன் மனைவி செல்லி.

"அம்மா, தண்ணி இருக்குதுங்களா?"

"இல்ல."

"எங்க கொடத்துத் தண்ணி குடிப்பீங்களா?"

"மொதல்ல குடு. அப்புறம் கேளு."

மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. எந்தக் கல்லைத் தட்டினால் மற்றவை சரியும் என்று ஆஞ்சப்பன் சொல்ல, செல்லி வெளியிலிருந்து கடப்பாரையால் குத்தினாள். முனிலட்சுமி உள்ளிருந்து உலக்கையால் இடித்தாள். தலை நுழையும் அளவுக்குத் திறந்ததும் செல்லி செம்பை நீட்டினாள். முனிலட்சுமி அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தாள். மத்தியானத்துக்குள் ஆள் நுழையும் வழியானது. அதன் வழியே முதலில் உள்ளே வந்தவள் செல்லி. பின்னால் கொத்தன் வந்தான். இருவரும் அடுப்பருகே உட்கார்ந்து அவளோடு களி தின்றார்கள்.

நாராயணப்பன் அந்த வழியாக வர மறுத்தார். தெற்குத் தெருவில் நடந்து, அவர்கள் இடித்த பொந்தில் குனிந்து நுழைவதைவிட மாட்டுக்கொட்டகை கௌரவமானது என்று முடிவு செய்தார். மந்திரக்காரன் வந்து, வாசலில் நுழைந்து, வெளியேறி, தட்சிணையோடு பஸ் ஏறினான். வைத்தியர் திறந்த காற்றில் படுக்கச் சொல்லியிருக்கிறார் என்று வருகிறவர்களிடமெல்லாம் நாராயணப்பன் சொல்லிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. முனிலட்சுமி இரண்டு வேளையும் வடக்கு வாசலால் போய்ச் சோறு வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றித் தெற்கே வந்து நுழைந்தாள். செல்லிக்கும் அவளுக்கும் பேச எப்போதும் ஏதாவது இருந்தது.

ஐம்பத்தாறில் மாநிலங்களைப் பிரித்தபோதும் வாசல் மாறவில்லை. மறுவருஷத் தேர்தலுக்கு முன்பு பட்டியல் சரிபார்க்க வந்த குமாஸ்தா தெற்கே நுழைந்து, முனிலட்சுமி பெயரை வீட்டுக்கும் நாராயணப்பன் பெயரைக் கொட்டகைக்குமாகக் குறித்து, மோர் குடித்து, வடக்கு வாசலால் வெளியேறினார். சாலைக்குப் போன பிறகுதான் குடையை உள்ளேயே விட்டது நினைவு வந்தது. திறந்து கிடந்த தேக்கு வாசலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெயிலை முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றித் தெற்கே நடந்தார்.