இடது பக்கத்து வயர்

அண்ணன் போய் மூணு மாசம் ஆச்சு. எனக்கு இன்னும் அழுகை வரல. வராததுக்கு நான் என்ன பண்றது? கடையைத் திறக்கிறேன், பழைய ஸ்பீக்கருக்கு விலை சொல்றேன், கடையை மூடுறேன். இருபது வருஷமா அதுதான் பொழப்பு, இப்பவும் அதேதான்.

போன ஞாயித்துக்கிழமை காலையில அண்ணி போன் பண்ணினாங்க.

"அவரோட ரெண்டு ஸ்பீக்கரையும் வந்து பாரு. கொடுத்த விலைக்குப் பெறுமான்னு சொல்லு."

"விக்கப் போறீங்களா அண்ணி?"

"அதெல்லாம் அப்புறம். அவரு ஏமாந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். ஆறு வருஷமா அதை வச்சே குத்திக் காட்டியிருக்கேன். நான் பேசினது நியாயமான்னு தெரிஞ்சா போதும்."

ஒரு கார் வாங்குற காசைப் போட்டு அண்ணன் அதை வாங்கினான். என் கடையில இல்ல, ஒரு பெரிய ஷோரூம்ல. "கூடப் பொறந்தவன் கடை வச்சிருக்கேன், ஒரு வார்த்தை கேட்டியா? உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கானுங்க"ன்னு எகிறினேன். எனக்கு மூக்கு மேல கோபம் வரும், தெருவுக்கே தெரியும். இருந்தாலும் வயர் மாட்ட என்னைத்தான் கூப்பிட்டான். நானும் போனேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. அரைகுறையா மாட்டிட்டு எழுந்தேன். "ஒரு பாட்டு கேட்டுட்டுப் போடா"ன்னான். "வாங்கினவன் நீ, நீயே கேளு"ன்னுட்டு வந்துட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கேன், அதைப் போடுன்னு சொன்னதே இல்ல. வீம்புதான், வேறென்ன. எப்படி இருக்குன்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். "பிரமாதம்டா"ன்னான். அதோட விட்டுட்டேன்.

அண்ணி கதவைத் திறந்து உள்ள கூட்டிட்டுப் போனாங்க. கூடத்துல நெஞ்சு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரும், எதிர்ல அவன் நாற்காலியும். தரையில டேப் துண்டு ஒட்டி அடையாளம் வச்சிருந்தான். ஒண்ணு ரெண்டு இல்ல, இருபது இருக்கும்.

"வாரா வாரம் நகத்துவாரு"ன்னாங்க அண்ணி. "அரை அங்குலம் இந்தப் பக்கம், அரை அங்குலம் அந்தப் பக்கம். பாடுறவங்க நடுவுல வந்து நிக்கணுமாம். எத்தனை பேரு வர்றாங்கன்னு சொல்லுங்க, காபி போட்டு வைக்கிறேன்னு கிண்டல் பண்ணுவேன். அப்புறம் ரெண்டு பாட்டு கேட்டுட்டு அமத்திடுவாரு."

அவங்க சமையலறைக்குப் போனதும் ஒருத்தர் மட்டும் பாடுற ஒரு பாட்டைப் போட்டேன். தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருந்தது. பேஸ்னு சொல்ற அடிச்சத்தமே இல்ல. குரல் ரெண்டு சுவரோரமும் சிதறிப் போய், நடுவுல ஒண்ணுமில்லாம கிடந்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டா, கடைக்கு வர்ற எவன்கிட்டயும் நான் சொல்ற முதல் வார்த்தை, வயரைப் பாருங்கிறதுதான்.

குனிஞ்சு பின்பக்கம் பாத்தேன். ஸ்பீக்கர் வயர் ரெட்டைக் கம்பி. ஒரு கம்பி மேல மட்டும் சன்னமா கோடு போட்டிருக்கும். கோடு போட்டது சிவப்பு முனையில மாட்டணும், மத்தது கறுப்புல. வலது பக்கம் சரியா இருந்தது. இடது பக்கம் மாறி இருந்தது. அப்படி மாறினா ஒரு ஸ்பீக்கர் காத்தைத் தள்ளும்போது மத்தது இழுக்கும். ஒண்ணோட சத்தத்தை இன்னொண்ணு தின்னுடும்.

மாட்டினது நான். கம்பி நுனியை நான் முறுக்கின முறுக்கு எனக்குத் தெரியாதா? மனசுல ஒண்ணும் ஓடல. திருகைத் தளர்த்தினேன், மாத்தினேன், இறுக்கினேன். பாட்டை மறுபடி போட்டேன்.

குரல் நடுவுல வந்து நின்னுச்சு. ஸ்பீக்கரே இல்லாத இடத்துல, வெறும் சுவருக்கு முன்னால, ஆளுயரத்துல.

அண்ணி ஈரக் கையோட வந்து அந்தச் சுவரையே பாத்தாங்க.

"இதுதானா அவரு சொன்னது?"

"இதுதான்."

"அப்ப பெறுமா?"

"பெறும் அண்ணி. ஒரு பைசா கூட அதிகமாக் கொடுக்கல. அவன் ஏமாறல."

அண்ணி அண்ணனோட நாற்காலியில உக்காந்தாங்க. "போன வருஷம் காது டெஸ்ட் எடுத்தாரு, தெரியுமா? காதுல ஒரு கோளாறும் இல்லன்னுட்டார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஸ்பீக்கரைத்தான் நகத்தினாரு. தம்பியைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்களேன்னேன். வேணாம், அவன் 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு ஆரம்பிப்பான்னுட்டாரு."

ஆமா. அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இப்ப என்ன பண்ணினே? என்ன பழுது?"

பழசாயிட்டா இப்படித்தான் ஆகும்னு ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடையில தினமும் சொல்ற பொய்தான்.

"பழுது ஒண்ணுமில்ல. இடது பக்கத்துல வயர் மாத்தி மாட்டியிருந்தது."

"யாரு மாட்டினது?"

"நான்தான் அண்ணி. வாங்கின அன்னைக்கே."

பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது.

"சரி பண்ண எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

அண்ணி திட்டல. அழவும் இல்ல. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். பாட்டு முடிஞ்சது. அவங்க சுவரை விட்டுக் கண்ணை எடுக்கல. நான் கிளம்புறேன்னேன். தலையை மட்டும் ஆட்டினாங்க.

வாசல்ல செருப்பைப் போட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். சாப்பிட்டுப் போன்னு அண்ணி சொல்லாம அந்த வீட்டை விட்டு நான் வெளிய வந்தது அதுதான் முதல் தடவை.