ஹன்னுலா பள்ளிக்காக நான் வெட்டிய வாக்கியம்

1.

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் திருப்பம் வைக்கிறேன் என்று நினைப்பீர்கள். போன மே மாதம் எங்கள் ஹன்னுலா பள்ளி மாவட்டத்தில் பள்ளி வரியைப் புதுப்பிக்க ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டும் என்றவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். வேண்டாம் என்றவர்களும் நூற்று நாற்பத்து மூன்று பேர். சமமாக வந்தால் தோல்வி, அதுதான் சட்டம். அந்த ஒரு ஓட்டு குறைந்ததற்குக் காரணம் நான் வெட்டி எறிந்த ஒரு வாக்கியம்.

(இது அமெரிக்கா. மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீசைக் கற்பனை செய்யாதீர்கள். ஒரே கட்டிடம், ஒரே பேருந்து, மழலையிலிருந்து பன்னிரண்டாவது வரை ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். அதை ஆள்வதற்கு ஏழு பேர் கொண்ட ஒரு வாரியம்.)

அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி, செயலாளர். ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இங்கே பனி வாருகிறேன். நான் தேர்தலில் நிற்கவில்லை. யாருமே நிற்கவில்லை. பதினோரு பேர் ஓட்டுச்சீட்டில் என் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதிப் போட்டுவிட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. எழுதுகிறவள் என்ற மிதப்பு எனக்கு அங்கேதான் தொடங்கியது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சுப்பீரியர் ஏரியின் மேல் கடைசிப் பனிக்கட்டிகள் உருகிக்கொண்டிருந்த அந்த மே மாதக் காலையில், ரெய்னோ கார்ப்பினென் தன் மனசாட்சியோடு

(நிறுத்திவிட்டேன். ரெய்னோ ஓட்டுப் போட வந்தது பிக்கப் வண்டியோடு.)

அடுத்து இப்படி:

மார்லிஸ் உயிட்டோ காலை ஐந்தே காலுக்குப் பேருந்தைச் சூடாக்கினாள்.

இது பரவாயில்லை, இருக்கட்டும். மார்லிஸ்தான் எங்கள் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர். தலைமையாசிரியையும் அவளே, பேருந்து ஓட்டுவதும் அவளே. கணக்கு வாத்தியார் வேறு ஊருக்குப் போனதிலிருந்து இயற்கணிதமும் அவளே. காலையில் ஓட்டுநராக இருந்து பேருந்தில் நடக்கும் சண்டையைக் கண்ணாடியில் பார்ப்பாள். எட்டரை மணிக்குத் தலைமையாசிரியையாகி அந்தச் சண்டையை விசாரிப்பாள். அப்பீல் செய்ய வேண்டுமானால் கண்காணிப்பாளரிடம் போக வேண்டும். அந்த அறைக்கும் அதே கதவுதான்.

மூன்றாவது தொடக்கம் எனக்கு உண்மையிலேயே எழுதத் தெரிந்த நடை:

கூட்டம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. உறுப்பினர் எழுவரும் வந்திருந்தனர். 

கூட்டக் குறிப்பில் பேச்சுக்கு இடமில்லை. யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை கை உயர்ந்தது, அவ்வளவுதான். ஒருவர் அழுதால் ‘விவாதம் நடைபெற்றது’ என்று எழுத வேண்டும். இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாலும் அதேதான். இந்த ஊர் முழுக்க ‘விவாதம் நடைபெற்றது’ என்பதற்குள் கிடக்கிறது. 

3.

பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அது பிழைக்க வேண்டும் என்று எதற்கு நீங்கள் ஆசைப்பட வேண்டும்? நியாயம்தான். மாநிலம் வருடாவருடம் மதிப்பீட்டு அட்டை போடுகிறது. எங்களுடையது இது:

மூன்றாம் வகுப்பு, கணிதம்: *
நான்காம் வகுப்பு, வாசிப்பு: *
எட்டாம் வகுப்பு, அறிவியல்: *

* பத்துப் பேருக்குக் குறைவான வகுப்பின் தேர்ச்சியை வெளியிடமாட்டார்கள். எந்தப் பிள்ளை தேறவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். எங்கள் மூன்றாம் வகுப்பில் நான்கு பேர். யாருக்கு வகுத்தல் வராது என்பது தபால் கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

ஆக, நாங்கள் நல்ல பள்ளியா கெட்ட பள்ளியா என்பதற்கு அரசாங்கத்திடம் பதில் இல்லை, நட்சத்திரம்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பதில் ஒன்று. அக்டோபர் முதல் புதன்கிழமை தலை எண்ணும் நாள். அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத்தான் மாநிலம் பணம் தரும். அன்று காலை உணவுக்கு அப்பமும் மேப்பிள் பாகும் போட்டும் ஒருத்தி வரவில்லை. மார்லிஸ் பேருந்தைத் திருப்பிப் பதினொரு மைல் போனாள். அங்கே அப்பா காட்டுக்கு மரம் வெட்டப் போய்விட்டார், பெண் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று துணைக்கு உட்கார்ந்திருக்கிறாள். மார்லிஸ் அவளை ஏற்றிக்கொண்டு வரவில்லை. என் கடைக்குப் போன் செய்து மருந்து வரவழைத்தாள். அப்பா திரும்பும்வரை அங்கேயே இருந்து மூத்தவளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தாள். அந்த வருடம் எங்களுக்கு ஒரு தலை குறைந்தது.

4.

இப்போது வாக்கியம்.

வரியைப் பற்றி ஊருக்கு ஒரு துண்டறிக்கை அனுப்ப வேண்டும். ‘ஆதரித்து ஓட்டுப் போடுங்கள்’ என்று பள்ளிப் பணத்தில் அச்சடித்துக் கேட்கக்கூடாது, சட்டம் விடாது. விவரம் சொல்லலாம். மார்லிஸ் விவரம் எழுதிக் கொடுத்தாள். அதில் இது இருந்தது:

மேற்படி வரியானது முதன்மை வசிப்பிடம் அல்லாத சொத்துகளின் மீது மட்டுமே விதிக்கப்படுவதும் ஏற்கெனவே நடைமுறையில் இருந்து வருவதும் ஆகும்.

படித்துப் பாருங்கள். வாயில் கல் போட்டுக்கொண்ட மாதிரி இல்லை? இதன் பொருள் இவ்வளவுதான்: நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வரி ஒரு சென்ட்கூடக் கிடையாது. கடைக்காரர்களும், ஏரிக்கரையில் கோடை வீடு வைத்திருக்கும் சிகாகோக்காரர்களும்தான் கட்டுகிறார்கள். சிகாகோக்காரர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஊர் ஜனத்தில் பெரும்பாலோர் தாங்கள் கட்டாத வரிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். 

நான் அதைத் திருத்தி எழுதியிருக்கலாம். அறிக்கையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று வெட்டினேன். அந்த இடத்தில் எங்கள் பாட்டுக்குழு மூன்றாம் பரிசு வாங்கியதைப் போட்டேன். அறிக்கை மிக அழகாக வந்தது. நானே நாலு தடவை படித்தேன்.

(அதனால்தான் இந்தக் கதையில் எதையும் வெட்டப் பயமாக இருக்கிறது. ஓடாத வாக்கியங்கள் இங்கேயே கிடக்கட்டும்.)

5.

ரெய்னோவை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓட்டெடுப்புக்கு முன்னால் ‘இன்னும் வரியா?’ என்று வாசலில் பலகை நட்டவர் அவர். எழுபத்து நான்கு வயது, மரம் வெட்டி ஓய்ந்த கை. முதல் வரைவில் அவரை வில்லன் ஆக்கினேன். பிள்ளைகளைக் கண்டால் ஆகாதவர் என்று எழுதினேன். பிறகு ஜூன் மாதம் அவர் மாத்திரை வாங்க வந்தார். (என்ன மாத்திரை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.) அன்று நடந்ததை அப்படியே வைக்கிறேன். அவர் பேசியது அவர் பாஷையில், நான் கேட்டது என் பாஷையில்.

“ஏம்மா, பள்ளிக்கூடத்த மூடப் போறீங்களாமே?”

“நவம்பர்ல இன்னொரு ஓட்டெடுப்பு இருக்கு. அதுவும் தோத்தா மூடத்தான் வேணும். பிள்ளைங்க நாப்பத்து நாலு மைல் போகணும்.”

“இந்த ஊர்ப் பனிக்காலத்துலயா? எவன்யா அது வேணாம்னு ஓட்டுப் போட்டது?”

“நீங்கதான்.”

“நான் பள்ளிக்கூடம் வேணாம்னு எப்ப சொன்னேன்? வரி வேணாம்னேன். இருக்குற வீட்டுக்கு இன்னும் எவ்வளவு கட்டுறது?”

“உங்க வீட்டுக்கு அந்த வரியே கிடையாது, ரெய்னோ.”

“சவுனாவுக்கு?” (அவர் நீராவிக் குளியல் போடும் மரக்குடிசை.)

“வீட்டுக்குப் பின்னாடிதானே இருக்கு? அதுக்கும் கிடையாது. கடைக்காரங்க கட்டுறாங்க. ஏரிக்கரையில அந்தக் கண்ணாடி வீட்டுக்காரர் கட்டுறார்.”

மாத்திரைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“அந்த ஆள் கட்டுற காசையா நான் வேணாம்னேன்?”

“ஆமா.”

“அந்த நோட்டீச நான் ரெண்டு தடவை படிச்சேன்மா. பாட்டு, பரிசு எல்லாம் இருந்துச்சு. இத ஏன் எவனும் எழுதல?”

நான் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணினேன். ‘எழுதினாங்க, நான்தான் எடுத்துட்டேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போய் அன்றைக்கே பலகையைப் பிடுங்கிவிட்டார். ஊர் மட்டும், மார்லிஸ் விளக்கிச் சொல்லவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று பேசத் தொடங்கியது. அந்தப் பேச்சு என் கடைக்குள்ளும் நடந்தது. நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

6.

அக்டோபர் கூட்டம் நூலகத்தில். அங்கே இருப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி. ஏழு பெரியவர்கள் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்து பள்ளியை ஆள்கிறோம். தலைவர் டேல் ருவோனா, இரும்புக் கடைக்காரர். பொருளாளர் ஹார்லன் பெக், சிரித்து யாரும் பார்த்ததில்லை. 

மார்லிஸ் ஒரு தாளை எடுத்துப் படித்தாள்.

“நான் டிசம்பரோட விலகிக்கிறேன். என் சம்பளம் மிச்சமானா ஒரு வாத்தியார நிறுத்த வேண்டியதில்ல. மே மாசம் ஜனங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்லல. என்மேல இருக்குற கோவத்த நவம்பர்ல பள்ளிக்கூடத்து மேல காட்டிடக்கூடாது.”

“பேருந்த யார் ஓட்டுறது?” என்றார் ஹார்லன்.

“அதுக்கும் ஆள் பாருங்க. இப்ப தீர்மானத்த முன்மொழிங்க ஹார்லன், எனக்கு எட்டரைக்கு வாலிபால் பிள்ளைங்கள ஏத்தணும்.”

நான் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன்: கண்காணிப்பாளரின் விலகல் கடிதம் பெறப்பட்டு

எழுத முடியவில்லை. 

“டேல், ஒரு நிமிஷம். மார்லிஸ் சொல்லியிருந்தா. குடியிருக்கிற வீட்டுக்கு வரி இல்லன்னு அவ எழுதிக் குடுத்தா. நான்தான் வெட்டினேன்.”

“எதுக்கு?” என்றார் டேல்.

“படிக்க நல்லா இல்ல.”

இந்த ஊரில் திட்டமாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள். அது திட்டைவிட மோசம். நான் மார்லிஸைப் பார்த்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துக் கையெழுத்துப் போட்டது நான்தானே? அது இல்லன்னு பாத்தேன். ஆனா நீ எழுதினது அவ்வளவு அழகா இருந்துச்சு. நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி யாரும் அப்படி எழுதினதே இல்ல. கை வைக்க மனசு வரல.”

அழுதேன். (விவாதம் நடைபெற்றது.)

“அதனால தப்பு என்னோடதுதான்” என்றாள் மார்லிஸ். “ஹார்லன், சொல்லுங்க.”

ஹார்லன் குனிந்து தன் காலணியைப் பார்த்தபடி, “சரி. விலகல ஏத்துக்கணும்னு முன்மொழியறேன். நீங்க கேட்டதுக்காக” என்றார்.

7.

இனி முடிவு.

ஒரு முடிவில் நவம்பர் ஓட்டெடுப்பு ஜெயிக்கிறது, ரெய்னோ வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார், மார்லிஸ் இல்லாத பள்ளியில் பேருந்து அரை மணி தாமதமாக வருகிறது. இன்னொன்றில் மார்லிஸ் இருக்கிறாள், ஓட்டு மறுபடியும் சமம். மூன்றாவதில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அதைப் படித்தால் ஓட்டம் நன்றாக இருக்கிறது. அதனாலேயே அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. 

புதிய துண்டறிக்கையை எழுதிவிட்டேன். முதல் வரி: ‘நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த வரி கிடையாது.’ இரண்டாவது வரி: ‘சவுனாவுக்கும் கிடையாது.’ பாட்டுக்குழு இல்லை. நவம்பரை அது பார்த்துக்கொள்ளட்டும். 

எனக்கு வேண்டியது மார்லிஸ். எங்கள் விதிப்படி, முன்மொழிந்த தீர்மானத்தை இன்னொருவர் வழிமொழிய வேண்டும். யாரும் வழிமொழியாவிட்டால் அது அங்கேயே செத்துப்போகும், ஓட்டுக்கே போகாது.

டேல் கேட்கிறார்: “வழிமொழியறவங்க யாராவது?”

ஹார்லன் தீர்மானத்தை அவரே வழிமொழிய முடியாது. நான் எழுதுகிறவள், என் வாய் மூடியிருக்கிறது. மற்றவர்கள் முழங்காலைப் பார்க்கிறார்கள். மார்லிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள், கையில் பேருந்துச் சாவி. புத்தக அலமாரிப் பக்கம் ஒரு சின்ன நாற்காலி காலியாக இருக்கிறது. இவ்வளவு நேரம் படித்தீர்களே, அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவள் இப்போது உங்களிடம் வந்து நிற்கிறாள். நல்லவள்தான், அவள் கேட்கிறபடி வழிமொழிந்து உதவி செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். 

டேல் இன்னொரு தடவை கேட்பார். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.