டாக்டரம்மா தட்டிய சுவர்

2019 மார்ச் நான்காம் தேதி, பழைய அரண்மனையின் வடக்கு மண்டபத்தில், தாமரைக்குளம் தீட்டிய சுவரில் முக்கால் பங்குப் பூச்சு கல்லை விட்டு விலகிவிட்டதாக ஆய்வறிக்கை தாக்கலானது.

தட்டிப் பார்த்து அப்படிச் சொன்னவள் கம்பவுண்டரின் மனைவி. நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் வைத்தியர்போல விரல் முட்டியால் சுவரைத் தட்டி, பூச்சு எங்கே பிடித்திருக்கிறது, எங்கே உள்ளே காலி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதனால் வேலையிடத்தில் அவள் டாக்டரம்மா. அவள் காட்டிய இடத்தில் சுண்ணாம்புப் பாலை ஊசியால் ஏற்றி ஒட்டவைப்பது கணவரின் வேலை. ஆகவே அவர் கம்பவுண்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

முக்கால் பங்கு என்றால் ஊசி போட்டு மாளாது. ஓவியத்தின் மேல் பசைத்துணி ஒட்டி, பூச்சோடு உரித்தெடுத்து, பலகையில் பதித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்ப அதிகாரி முடிவுசெய்தார். எவ்வளவு பதமாக உரித்தாலும் கொஞ்சம் நிறம் போகத்தான் செய்யும். முந்நூறு வருஷத்துக்கு முன்பு யாரோ காவிக்கல் அரைத்துக் கோடிழுத்த குளம் அது. அடித்தண்டில் மோதித் திரும்பும் மீன்களுக்குக்கூடச் செதில் விடாமல் வரைந்திருந்தார்கள். அதை உரிக்கக் கம்பவுண்டருக்கு மனசில்லை. ஆனால் சுவர் விஷயத்தில் மனைவி சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

வீட்டிலோ வேறு கவலை. இரண்டு மாதமாக அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூப்பிட்டால் பதில் வராது. இன்னொரு தடவை கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பி, என்ன என்பாள். மச்சினன் வீடு மாறிய அன்று முதுகுவலி என்று இவர் படுத்துக்கொண்டதற்கான ஊமைக்கோபம் என்று முடிவுகட்டி, பாத்திரம் தேய்த்தார், துணி மடித்தார், கேட்காமலே தலையைப் பிடித்துவிட்டார். வாய்விட்டுக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

பசைத்துணி ஒட்டுவதற்கு முன் விரிசல் ஓரங்களைக் கெட்டிப்படுத்த வேண்டும். ஒரு தாமரைத் தண்டின் பக்கத்தில் கம்பவுண்டர் ஊசியை வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு உள்ளே போகாமல் திரும்பி வழிந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு சாண் தள்ளி முயன்றார். அங்கேயும் அதே கதை. சந்தேகப்பட்டு முட்டியால் தட்டினார். கருங்கல்லைத் தட்டினதுபோலக் கெட்டிச் சத்தம்.

அவள் சாரத்தின் மேல்தட்டில் இவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் வாயேன் என்றார். அசையவில்லை. எக்கியபோது கையிலிருந்த பூச்சுக் கரண்டி நழுவிக் கல்தரையில் கணீரென்று விழுந்தது. மண்டபத்தின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

எப்பேர்ப்பட்ட கோபக்காரியும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பியிருப்பாள். கோபமில்லை என்று புரிந்ததும் அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நொடியே அதை நினைத்து வெட்கப்பட்டார்.

மேலே ஏறிப் போய், அவள் விரல்களை எடுத்துச் சுவரில் பரப்பி வைத்து, பக்கத்தில் தட்டினார். பூச்சு அசையவே இல்லை. பிறகு, நிஜமாகவே விலகியிருந்த மூலைக்குக் கூட்டிப்போய்த் தட்டினார். விரலுக்கடியில் அது அதிர்ந்தது. மறுபடி முதல் இடத்துக்கு அவளே போனாள். தானே தட்டினாள். கெட்டிச் சத்தத்தின் கூர்மை காதை எட்டாததால் எல்லாமே அவளுக்கு மந்தமாக, உள்ளே காலியாகக் கேட்டிருக்கிறது.

"எனக்குக் காது கேக்கலைன்னு எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"இப்பத்தான்," என்றார் அவள் காதருகே குனிந்து. "கோபமா இருக்கேன்னு நெனச்சு ரெண்டு மாசமா பாத்திரம் தேய்ச்சிட்டிருக்கேன்."

"நீங்க ஏதோ தப்புப் பண்ணிட்டு மழுப்புறீங்கன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குத்தான் பாதியில் சிரிப்பு நின்றது. காது போனது தெரிந்தால் இந்த வேலை தன்னிடம் இருக்காது என்றாள். சுண்ணாம்பு சரியில்லை என்று பழியைத் தன்மேல் போட்டு நாள் கடத்தலாம் என்றார் கம்பவுண்டர்.

"அதுக்குள்ள உரிச்சிட்டா?" என்றாள். "சுவர் நல்லாத்தான் இருக்கு. நானே சொல்றேன். நீங்க கூட மட்டும் வாங்க."

சாரத்திலிருந்து இறங்கும்போது அவள் கையை அவர் விடவில்லை.

அதிகாரி வேறு இருவரை வைத்துச் சுவரை மறுபடி தட்டச் சொன்னார். மூன்று இடங்களில் மட்டும் பூச்சு விலகியிருந்தது. கம்பவுண்டர் அவற்றை ஊசி போட்டு ஒட்டினார். ஓவியம் உரிக்கப்படவில்லை. டாக்டரம்மா நிறப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.