ரத்தம் கொடுக்கப் போனவர்கள்

அருண்குமார் செத்து வருஷம் திரும்புவதற்குள், அவனுடைய அப்பா திருமூர்த்தி, பவுண்டரிகள் நிறைந்த கணபதிக்கு வந்து சென்னியப்பனின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மகள் மோகனப்பிரியாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன், அவர் சந்துக்குள் வருவதைப் பார்த்ததும் தன்னையறியாமல் எழுந்து நின்றான். வெள்ளகோவில் பக்கத்தில் அவருடைய தோட்டத்தில்தான் அவன் மனைவி பொற்கொடியின் அப்பனும் அம்மாவும் ஆயுசு முழுக்க வேலை செய்தார்கள். அங்கே அவர்கள் சனம் முழுக்க அவரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடும்.

அவர் "தம்பி" என்றார். அந்தச் சொல் தன்னைப் போன்ற ஆளுக்கு அவர் வாயிலிருந்து வந்து சென்னியப்பன் கேட்டதே இல்லை. அதைவிட, உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். பொற்கொடி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். குடிக்கும்போதும் அவர் பார்வை குழந்தையைவிட்டு நகரவில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். இருந்தது ஒரே மகன். காங்கேயம் ரோட்டில் லாரி அடித்துப் போய்விட்டான். கல்யாணமாகியும் பிள்ளை இல்லை. அன்றைக்குப் பொற்கொடி சொன்னது உண்மையா என்று தெரியாமல் அவருக்கும் அவர் மனைவி நாச்சியம்மாளுக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது ஐதராபாத்தில் ரத்தத்தை வைத்தே யார் பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்களாம். மகன் இல்லாவிட்டாலும் அவனைப் பெற்ற இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தால் பார்க்கலாமாம்.

"புள்ளைக்கு ஒரு ஊசி, அம்மணிக்கு ஒரு ஊசி. அவ்வளவுதான்," என்றார்.

பொற்கொடி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். யோசித்துச் சொல்வதாகச் சென்னியப்பன்தான் அவரை அனுப்பிவைத்தான்.

அவனுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. பொற்கொடி அவனுடைய தாய்மாமன் மகள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவள் பண்ணாடி வீட்டுக் களத்தில் போய் நின்று, தகப்பன் அருண்குமார்தான், பிறந்த பிறகு ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டாள். அப்படி ஒரு சோதனை வந்திருப்பதாக ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் நஃபீசா அவளிடம் சொல்லியிருந்தார். களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அருண்குமார் மோட்டார் ரூம் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க ரத்தத்தையும் உங்க ரத்தத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்கறதா?" என்று கேட்டவர் இதே திருமூர்த்திதான். பிள்ளைக்கு அப்பன் தேடி அலைகிறாள் என்று ஊர் பேசியது. பவுண்டரியில் இரும்பு வார்க்கும் அச்சுக்கு மண் அடிக்கிற வேலைக்குக் கணபதி வந்திருந்த சென்னியப்பன், கேள்விப்பட்டதும் ஊருக்குப் போனான். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் தாலி கட்டிக் கூட்டிவந்தான். மோகனப்பிரியா பிறந்தது இங்கேதான். அவன் நெஞ்சின் மேல் படுத்துத்தான் அவள் தூங்கிப் பழகினாள்.

தொழிற்சங்கத்துக்காக வழக்கு நடத்தும் வக்கீல் உமர் பாரூக்கிடம் போய்க் கேட்டான். அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளையின் உடம்பில் பாதி தாயிடமிருந்து வருகிறது, பாதி தகப்பனிடமிருந்து. ஆய்வுக்கூடத்தில் அது ஃபிலிமில் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். தாயின் கோடுகளைக் கழித்துவிட்டால் மிச்சம் தகப்பன் கொடுத்தவை. அவை தகப்பனைப் பெற்றவர்களிடம் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

"ஆனா ஒண்ணுங்க. கல்யாணத்துக்கப்புறம் பொறந்த புள்ளைக்குப் புருசன்தான் தகப்பன், சட்டம் அப்படித்தான் சொல்லுது. ரத்தம் குடுத்தே ஆகணும்னு உங்கள யாரும் கட்டாயப்படுத்த முடியாது," என்றார்.

சென்னியப்பனுக்குப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. அதே சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னான். பொற்கொடி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "குடுத்துப்போடலாம் மாமா," என்றாள்.

"எதுக்கு?"

"நான் பொய் சொல்லலீன்னு அவங்க வாயில வரோணும். எங்கப்பன் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனாரு."

"நான் நம்புனேனே புள்ள. அது பத்தாதா?"

அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க நம்புனீங்க. நான் சொன்னது நெசம்னு ஆவறது வேறங்க மாமா."

அது அவனைத் தைத்தது. அவள் சொன்னது மெய் என்று ரத்தம் சொன்னால், இவன் தகப்பன் இல்லை என்றும் கூடவே சொல்லிவிடும். அது அவளுக்கு உறைக்கவில்லையா, உறைத்தும்தான் கேட்கிறாளா? அந்த வாரம் பவுண்டரியில் அவன் அடித்த அச்சுகள் உடைந்துகொண்டே இருந்தன, மேஸ்திரி திட்டினார். முடியாது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தோட்டம் துரவோடு வளர வேண்டிய பிள்ளையை இந்த ஒற்றை அறையில் அடைத்துவைக்கிறோமோ என்ற நினைப்பும் அவனை விடவில்லை. கடைசியில், உன் இஷ்டம் என்றான்.

ராம்நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திருமூர்த்தியும் நாச்சியம்மாளும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாச்சியம்மாள் குழந்தைக்குப் பாவாடை சட்டை எடுத்துவந்திருந்தார். கொடுக்கத் தைரியம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் மோகனப்பிரியாவின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "புள்ளையோட அப்பா யாருங்க? ஒரு கையெழுத்து வேணும்," என்றாள்.

திருமூர்த்தி சுவரைப் பார்த்தார். மோகனப்பிரியாதான் சென்னியப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உங்களத்தான் கூப்புடறாங்க."

அவன் போய்க் கையெழுத்துப் போட்டான்.

அப்போதுதான் பொற்கொடி திருமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க," என்றாள். பண்ணாடி என்று கூப்பிடாததில் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "நான் சொன்னது நெசம்னு வந்துச்சுன்னா, அன்னிக்குச் சிரிச்சாங்கல்ல, அதே களத்துல அவங்க முன்னால நீங்க சொல்லுவீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு அம்மணி? ஊருக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும். நமக்குள்ளயே இருக்கட்டும். புள்ளைக்கு என்ன செய்யோணுமோ நான் செஞ்சர்றேன்."

"சொல்றேன்னுதான் சொல்லுங்களே," என்றார் நாச்சியம்மாள், யாருக்கும் கேட்காத மாதிரி. திருமூர்த்தி திரும்பிப் பார்க்கவில்லை.

பொற்கொடி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க மனசு ஆறோணும்னு கேக்கறீங்க. அதுக்கு என்ற புள்ளையோட ரத்தம் கெடையாதுங்க," என்றாள். சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்ததையும் அவள் சட்டை செய்யவில்லை. "நான் சாகற வரைக்கும் அந்த ஊருக்கு நான் பொய்க்காரிதான்," என்றாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. ஆனால் மனசுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது வேறு. பிள்ளை தனக்கே என்று ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நினைக்க அவனுக்கே கூசியது. அவள் கையைப் பிடித்தான். அவள் உருவிக்கொள்ளவில்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

திருமூர்த்தி அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த தையில் தன் தம்பியின் பேரனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். பொற்கொடி அதைக் கேட்டுவிட்டு எழுந்து அடுப்பு வேலையைப் பார்க்கப் போனாள். மோகனப்பிரியா வளர்ந்து, யார் வாயிலாவது கேட்டு, ஒரு நாள் தானே ரத்தம் கொடுக்கிறேன் என்று வந்து நிற்கலாம். அப்போது என்ன சொல்வது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் தான் சந்தோஷப்பட்டதை மட்டும் அவன் பொற்கொடியிடம் சொல்லவே இல்லை.