தீ அணைந்த பிறகு ஏறிய சூடு

மாமியார் மறைந்த பின் ஸ்டாமென்கா பொறுப்பேற்று நடத்தும் முதல் குடும்பத் திருநாள் அது. குடும்பத்தின் காவலரான புனித நிக்கோலாவுக்கான ரொட்டி மாவு கூடத்து மேசையில் பொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் மாவினால் செய்த பறவைகளும் திராட்சைக் குலையும் ஒட்டியிருந்தாள். நண்பகலில் பாதிரியார் வந்து அதை அறுப்பார். சுடுவதற்குள் மாவு அளவுக்கு மேல் பொங்கினால் பறவைகள் உருக்குலைந்துவிடும். உறவினர் முன் தலைகுனிவு.

குளிர்காலம். வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவியில் இருபத்தொரு டிகிரி வைத்திருந்தார்கள். வெப்பமானியோ இருபத்துநான்கைத் தொட்டது.

"ரதோவான்! கொதிகலனை அணைச்சியா இல்லையா?" என்று கணவனைக் கேட்டாள்.

"அது தானாவே நின்னுடுச்சு. போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். உள்ளே ஒரு பொறிகூட இல்ல."

"அப்போ யாரு எரிக்கிறா, உங்க தாத்தாவா?"

"ஜன்னலைத் திறக்கட்டுமா?"

"ஐயோ, வேணாம்! ஊதக்காத்துல மாவும் செத்துரும், உன் கழுத்தும் பிடிச்சுக்கும். அப்புறம் ஒரு வாரம் நீ முனகுறதை யாரு கேக்கிறது?"

ஸ்டாமென்கா ஜன்னலடியில் இருந்த கொதிகலனின் வெந்நீர் ஓடும் வார்ப்பிரும்புச் சூடேற்றியின்மேல் கை வைத்தாள், சட்டென்று எடுத்துக்கொண்டாள். உள்ளே வெந்நீர் இன்னும் கொதிப்போடு இருந்தது. சுவர்க் கருவி தீயைத்தான் நிறுத்தியது. இரும்பும் நீரும் அதற்குள் விழுங்கிவிட்ட வெப்பத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது. சரிவில் இறங்கும் பாரவண்டி, கடிவாளத்தை இழுத்த அந்த இடத்திலேயே நின்றுவிடுமா? தீயே இல்லாத வீட்டில் சூடு சத்தமின்றி ஏறிக்கொண்டிருந்தது. செத்த தீ இன்னும் நடந்துகொண்டிருப்பது போலிருந்தது.

மேசையில் ஒரு பறவையின் சிறகு புடைக்கத் தொடங்கியது.

"இது நமக்காக நிக்காது," என்றாள் மெதுவாக. "நாமதான் அதோட வேகத்துக்கு ஓடணும். மின்னடுப்புல இருக்கிற மீனை வெளியே எடு."

"பாதிதான் வெந்திருக்கு, ஸ்டாமென்கா! அவ்வளவு பெரிய கெண்டை!"

"கெண்டை காத்திருக்கும். செத்ததுக்கு என்ன அவசரம்?"

ரதோவான் பெருமூச்சோடு மீன் தட்டை இறக்கினான். ரொட்டி உள்ளே போனது. இருவரும் மின்னடுப்பின் கண்ணாடிக் கதவு முன் குந்தி உட்கார்ந்தார்கள். மாவு மெல்ல இறுகியது. சிறகு, அலகு, திராட்சை எல்லாம் அதனதன் வடிவில் பொன்னிறமாயின.

கூடத்தில் சூடு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.